"நேரா ஆபரேஷன் பண்ணச் சொல்லு"

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 47 வயது, காப்பித் தோட்டத்தில் வேலை. வலது மார்பில் கட்டி. கீழே சேலத்தில் ஓரிடத்தில் பயாப்சி (ஊசியால் கட்டியிலிருந்து துளிச் சதை எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலைந்து தடவை 'டப் டப்' என்று சுட்ட மாதிரி இருந்ததாம். திரும்பும்போது பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை அக்கா அழுதுகொண்டே வந்தார். ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. இப்போது பார்க்கும் அறுவை சிகிச்சை டாக்டர், மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம் என்கிறார். அதற்கு முன் எம்.ஆர்.ஐ. வேண்டும், அதில் வேறு ஏதாவது தெரிந்தால் இன்னொரு பயாப்சி, ஆபரேஷன் அன்று காலையில் ஒரு ஒயர் வைக்க வேண்டியிருக்கலாம், அக்குளுக்காக நீலச் சாய ஊசி என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அக்காவின் பதில்: "நேரா ஆபரேஷன் பண்ணச் சொல்லு. மார எடுத்தாலும் சரி. இந்த டெஸ்ட்டுக்கெல்லாம் நான் வரல." ஊசி குத்தினால் பரவிவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் வேறு சொல்கிறார்கள். இதெல்லாம் வேண்டியதுதானா, வேண்டுமென்றால் அக்கா எப்படித் தாங்குவார் என்பதுதான் கேள்வி.

நான் சேலத்தில் ஸ்கேன் அறையிலும் மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) அறையிலுமாக 20 வருடத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. அந்த அறைக்குள் பெண்கள் எப்படி வருகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்பது தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில், அக்கா சொல்வதை மறுத்துப் பேசாதீர்கள். "ஆபரேஷனையே தாங்கப்போற, இது என்ன பெரிய விஷயம்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது தப்பு. ஆபரேஷனில் தூங்க வைத்துவிடுகிறார்கள். டெஸ்ட்டில் அப்படி இல்லை. முழு நினைவோடு, பாதி உடம்பில் துணி இல்லாமல், தெரியாத ஆட்கள் நடுவில், "அசையாதீங்கம்மா" என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். இத்தனை வருடத்தில் என்னிடம் அழுதவர்களில் பெரும்பாலானவர்கள் அழுதது ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில்தான். ஏன், நானே அழுதேன். 51 வயதில் எனக்கும் ஒரு பயாப்சி எடுத்தார்கள், நல்லவேளை சாதாரணக் கட்டி. நூற்றுக்கணக்கான பேருக்குப் பக்கத்தில் நின்று கை பிடித்தவள், மேஜையில் படுத்ததும் அந்த 'டப்' சத்தத்துக்கு எகிறிக் குதித்தேன். அடுத்து எப்போது சத்தம் வரும் என்று மருந்து போட்ட டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பாதி பயம் அதில்தான் இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா என்ற மூன்றும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அதே ஊசி வேறு மாதிரி இறங்கும்.

இனி, தேவையா என்ற கேள்வி. ஊசியால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்பது நம் பக்கம் ஆழமாக ஊறிப்போன பயம். பயாப்சி எடுத்த பிறகு நோய் முற்றியது தெரிய வந்த குடும்பங்கள், ஊசியால்தான் முற்றியது என்று முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் ஊசிக்கு வந்ததே தாமதமாகத்தான். பயாப்சி எடுத்ததால் நோய் பரவுவதில்லை. பயாப்சி எடுக்காமல் நேரே கத்தி வைப்பதில்தான் நிஜமான நஷ்டம் இருக்கிறது. அந்த ஊசியில் வந்த சதையை வைத்துத்தான் நோய் எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்று காட்டுகிற ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். சில வகைகளுக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்வது நல்லது. நேராக வெட்டி எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். "சின்னக் கட்டிதான், எடுத்துடலாம் வாங்க" என்று எங்கோ அவசரமாக எடுத்துவிட்டு, ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்து, இரண்டாம் தடவை மேஜை ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் முதலில் டெஸ்ட் எடுக்காததற்குச் சந்தோஷப்படவில்லை.

அதற்காக எழுதிக் கொடுக்கிற எல்லா டெஸ்ட்டும் எல்லாருக்கும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதோட ரிசல்ட்டால நீங்க பண்ணப்போற ஆபரேஷன் மாறுமா டாக்டர்?" மாறும் என்றால் எப்படி என்று சொல்வார், அது போதும். உங்கள் அக்காவுக்குக் கட்டியை மட்டும் எடுப்பதாக இருப்பதால், அதே மார்பில் வேறு இடத்தில் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு எம்.ஆர்.ஐ. கேட்டிருப்பார். அது ஆபரேஷனை மாற்றக்கூடிய விஷயம். உடம்பு முழுக்கப் பார்க்கிற பெட் ஸ்கேன் அப்படி இல்லை. ஆரம்ப நிலையில், வேறு தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு அது பொதுவாகத் தேவைப்படுவதில்லை. யாராவது எழுதினால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் சாதாரணம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பயாப்சிக்கு வருகிறேன். இரண்டாவது ஒன்று தேவைப்பட்டால், முதலாவது மாதிரியே இருக்கும் என்று அக்கா நினைப்பார். இருக்க வேண்டியதில்லை. உள்ளே நடப்பது இதுதான். மல்லாந்து படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியால் இடத்தைப் பிடிப்பார்கள். மரத்துப்போகிற ஊசி போடும்போது எரியும், கட்டெறும்பு ஏழெட்டு ஒன்றாகக் கடித்த மாதிரி, ஒரு பத்து விநாடி. அப்புறம் ஒரு பொட்டுக் கீறல். பிறகு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனான ஊசி. அதில் ஸ்பிரிங் இருப்பதால்தான் அந்தச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு வரும். பாட்டிலில் போட்டதும் பார்த்தால் வெந்த சேமியா மாதிரி மெல்லிசாக, வெள்ளையாகக் கிடக்கும். அவ்வளவுதான் எடுக்கிறார்கள். உள்ளே பெரிதாக எதையோ பிடுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தப் பாட்டிலைக் காட்டினால் முகமே மாறும்.

அங்கே அக்கா கேட்க வேண்டியவை உண்டு. ஆரம்பிக்கும் முன், அந்த ஊசியை வெறும் காற்றில் ஒரு தடவை சுட்டுக் காட்டச் சொல்லலாம். சத்தம் காதுக்குப் பழகிவிடும். நான் கேட்டு எந்த டாக்டரும் மறுத்ததில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் "இப்போ" என்று சொல்லச் சொல்லலாம். எத்தனை துண்டு என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் எண்ணிக்கொண்டே போகலாம். குத்தும்போது அழுத்தமாகத் தெரியலாம், கூர்மையாக வலித்தால் மருந்து பற்றவில்லை என்று அர்த்தம். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது தைரியம் என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். "வலிக்குதுங்க, இன்னும் கொஞ்சம் மருந்து போடுங்க" என்று சொன்னால் போடுவார்கள், போட்டுவிட்டு ஓரிரு நிமிடம் காத்திருப்பார்கள். முதல் தடவை உங்கள் அக்காவுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது அந்த இடத்தின் குறை, அக்காவின் பலவீனம் இல்லை.

முடிந்ததும் பத்து நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு எழுந்து உடுத்திக்கொண்டால்தான் மறுநாள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகும். அன்று ராத்திரியும் இறுக்கமான உள்ளாடையோடு படுப்பது நல்லது. கன்றல் நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி ஒன்றிரண்டு வாரத்தில் போகும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டு நனைந்துகொண்டே இருந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

எம்.ஆர்.ஐ.யைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். மலையில் வளர்ந்தவர்கள் அந்தக் குழாயைப் பார்த்ததும் வெளியே ஓடி வந்ததைக் கண்டிருக்கிறேன். மார்புக்கான எம்.ஆர்.ஐ.யில் குப்புறப் படுக்க வைப்பார்கள். மேஜையில் இரண்டு குழி இருக்கும், மார்பு அதற்குள் தொங்கும்படி. முகம் கீழே பார்த்திருக்கும். இதில் ஒரு சௌகரியம் உண்டு, மேலே குழாய் மூடுவது கண்ணுக்கே தெரியாது. முக்கால்வாசிப் பேருக்கு மூச்சு முட்டுவது மூக்குக்கு நேரே அந்தச் சுவரைப் பார்க்கும்போதுதான். கண்ணை மூடிக்கொண்டே உள்ளே போகட்டும், வெளியே வரும்வரை திறக்க வேண்டாம். கஷ்டம் வேறு இடத்தில்: நெஞ்செலும்பு மேஜையில் அழுந்தும், தூக்கி வைத்த கையில் தோள் கடுக்கும். தோட்டத்தில் கூடை சுமந்த தோள் வேறு. படுத்ததுமே "இந்த இடம் குத்துது" என்று சொல்லி ஒரு துணியோ தலையணையோ வைத்துவிடச் சொல்ல வேண்டும். தொடங்கிய பிறகு அசைந்தால் படம் கலங்கி முதலிலிருந்து எடுக்க நேரும். மொத்தம் அரை மணியிலிருந்து முக்கால் மணி. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் வெளியே மணி அடிக்கும். உள்ளே போகும் முன் ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, ஆள் வருகிறார்களா என்று சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் அப்புறம் அதை அமுக்குவதே இல்லை. நடுவில் கையில் போட்ட ஊசி வழியாக ஒரு மருந்து போகும், கை சில்லென்று இருக்கும், வாயில் பித்தளை டம்ளரைக் கடித்த மாதிரி ஒரு ருசி வரலாம்.

சத்தம் பலமாகத்தான் இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். ஒருமுறை அம்மாபேட்டையிலிருந்து தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் வந்தார். முடிந்து வெளியே வந்தபோது கன்னத்தில் மேஜையின் தடம், கண் சிவந்திருந்தது. அழுதாரோ என்று பார்த்தால், தூங்கியிருக்கிறார். "எங்கூட்டுத் தறிச் சத்தந்தானுங்க, ராத்திரி பகலா கேக்கறதுதான்" என்றார். உங்கள் அக்காவுக்குத் தறி பழக்கமில்லை. அவருக்கு நான் சொல்வது வளைவுகள். அடிவாரத்திலிருந்து 20 வளைவும் அவருக்குத் தூக்கத்தில் கூடத் தெரியும். எந்த வளைவில் குரங்கு உட்கார்ந்திருக்கும், எங்கே சேலம் முழுக்கக் கீழே தெரியும், எங்கே திடீரென்று குளிர் தட்டும் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஏறட்டும். அந்தச் சத்தம் ஒரே மாதிரி வராது. சில நிமிடம் ஓடும், நிற்கும், வேறு தாளத்தில் தொடங்கும். ஒவ்வொரு தடவை நின்று தொடங்கும்போதும் இரண்டு மூன்று வளைவு ஏறிவிடலாம். மலைமேல் ஒண்டிக்கடைக்கு வந்து சேரும்போது ஸ்கேனும் அநேகமாக முடிந்திருக்கும். இது விளையாட்டுப் பேச்சு இல்லை. எண்ணுவதற்கும் போவதற்கும் ஒரு வழி இருந்தால் மூச்சு தானாகச் சீராகும். இதுவும் போதாது என்றால், பதற்றம் குறைக்கிற மாத்திரை ஒன்று முன்கூட்டியே தர முடியுமா என்று டாக்டரைக் கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்படிச் சாப்பிட்டால் துணைக்கு ஆள் கட்டாயம் வேண்டும்.

நகை விஷயம் முந்தின நாளே முடிந்துவிட வேண்டும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஸ்கேன் அறை வாசலில் ஒரு மணி நேரம் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், மாமியாரோடு சண்டையாகி டெஸ்ட்டே நடக்காமல் திரும்பியவர்களையும். வீட்டிலேயே பெரியவர்களிடம் பேசி, உலோகமில்லாமல் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் ஒரு பேச்சும் இல்லை. மூக்குத்தி பல வருடம் திருகாமல் இறுகியிருந்தால் ஆசாரியிடம் காட்டிக் கழற்றி வர வேண்டும், அங்கே வந்து இழுத்தால் புண்ணாகும். மெட்டிக்குச் சோப்புத் தண்ணீர் போதும். உடம்பில் பேஸ்மேக்கர், ஆபரேஷனில் வைத்த கிளிப், பிளேட், காப்பர்-டி எது இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகத்துக்கான ரத்த ரிப்போர்ட்டும் கேட்பார்கள். மேமோகிராம் எடுக்கிற நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடரோ ஸ்பிரேயோ போடக் கூடாது, படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து வீணாகக் குழப்பும். எல்லா நாளுக்குமே முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையும் சேலையும்தான் வசதி. சுடிதாரைத் தலைவழியாகக் கழற்றி மாட்டுவது பயாப்சிக்குப் பிறகு பாடு.

ஒயர் என்று டாக்டர் சொன்னதுதான் இந்த வரிசையிலேயே கடினமானது என்பது என் அபிப்பிராயம். அதை மறைத்து "ஒண்ணுமில்லை" என்று அக்காவை அழைத்துப் போகாதீர்கள். கையில் தட்டுப்படுகிற கட்டிக்கு ஒயர் பொதுவாகத் தேவையில்லை, டாக்டரின் விரலே வழி காட்டும். கைக்குச் சிக்காத, படத்தில் மட்டும் தெரிகிற புள்ளிக்குத்தான் அது. எம்.ஆர்.ஐ.யில் இரண்டாவது புள்ளி ஒன்று தெரிந்து, அதையும் எடுக்க வேண்டியிருந்தால் தேவைப்படும். பூக்கட்டும் நாரைவிட மெல்லிய கம்பி, முனை மட்டும் தூண்டில் முள் மாதிரி மடங்கியிருக்கும். ஒரு ஊசிக்குள் வைத்து அந்த இடம்வரை செலுத்தி, ஊசியை உருவிவிடுவார்கள். கம்பி உள்ளே கொக்கி போட்டு நிற்கும், ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தியேட்டரில் டாக்டர் அந்தக் கம்பியைப் பின்தொடர்ந்து போய் அந்த இடத்தை எடுப்பார். சொல்லும்போதே ஒரு மாதிரி இருக்கிறது, தெரியும்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள், அதனால் வலியைவிட வேறு இரண்டு விஷயம்தான் பெண்களைச் சாய்த்தது. ஒன்று, அன்று ஆபரேஷன் என்பதால் வெறும் வயிறு. இரண்டாவது, மேமோகிராம் வழியாக ஒயர் வைத்தால் உட்கார்ந்த நிலையில், மார்பை அந்தத் தட்டுகளுக்கு நடுவில் அழுத்திப் பிடித்தபடியே ஊசி குத்துவார்கள். சாதாரண மேமோகிராமில் அந்த அழுத்தம் சில விநாடிதான். இதில் படம் எடுத்து, பார்த்து, ஊசியைச் சரி செய்து, மறுபடி படம் எடுக்கும்வரை விட மாட்டார்கள். பசி, பயம், அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் மயக்கம் வரும். என் கண் முன்னால் பலர் சரிந்திருக்கிறார்கள்.

அதனால் முன்கூட்டியே கேளுங்கள்: "அந்தப் புள்ளி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல தெரியுதா? தெரிஞ்சா ஸ்கேன் வழியாவே ஒயர் வைக்கலாமா?" ஸ்கேனில் என்றால் படுத்தபடியே, அழுத்தம் இல்லாமல் முடிந்துவிடும். மேமோகிராம்தான் என்றால், சாய்த்துப் படுக்க வைக்கிற நாற்காலி இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் எத்தனை மணிவரை குடிக்கலாம் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். நம் ஊரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் எச்சில்கூட விழுங்கக் கூடாது என்று வாசலில் யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை அனுமதிப்பதுதான் வழக்கம். அக்காவின் உடம்புக்கு எது சரி என்று அவர் சொல்வதே முடிவு. ஒயர் வைக்கிற நேரத்தை ஆபரேஷன் நேரத்துக்கு ஒட்டி வைக்க முடியுமா என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. காலை ஏழு மணிக்கு ஒயர் வைத்துவிட்டு மாலை மூன்று மணிவரை பட்டினியோடு வராந்தாவில் உட்கார வைப்பது யாருக்கும் நல்லதில்லை.

மயக்கம் திடீரென்று வருவதில்லை. கொட்டாவி வரும், நெற்றி வியர்க்கும், காதுக்குள் 'ங்' என்று கேட்கும், கண் இருட்டும். முதல் கொட்டாவியிலேயே "தலை சுத்துது" என்று சொல்லிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே, பொறுத்துக்கலாம்" என்று இருந்தால்தான் சாய்வார்கள். அதோடு காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டுத் தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கினால் ரத்தம் மேலே ஏறும். மலை ஏறி இறங்கும் கால் அக்காவுடையது, நன்றாகவே வேலை செய்யும். மேமோகிராம் அறையில் எக்ஸ்ரே என்பதால் துணைக்கு வந்தவரை உள்ளே விட மாட்டார்கள். பெண் டெக்னீஷியனோ நர்ஸோ தோளில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்காத இடத்தில் அது நடப்பதில்லை, கேட்ட இடத்தில் அநேகமாக நடக்கிறது.

சேலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆஸ்பத்திரி ஒரு தெருவிலும் ஸ்கேன் சென்டர் இன்னொரு தெருவிலும் இருக்கும். ஒயரோடு ஐந்து ரோடு சந்திப்புப் போக்குவரத்தில் ஆட்டோவில் போன அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். சென்டரில் வெளியே நீட்டிய முனைக்கு மேல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து பிளாஸ்திரி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். டீக்கடைக் கப்பா என்று அவர் மகன் கோபப்பட்டான். உண்மையில் அது நல்ல ஏற்பாடு, துணி உரசி ஒயர் நகராமல் இருக்கும். குறை சொல்ல வேண்டியது ஆட்டோவைத்தான். இடம் மாற வேண்டியிருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு, ஒரு காருக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். முந்தானையை அந்தப் பக்கம் இழுத்துச் செருகாமல் இருந்தால் போதும்.

நீலச் சாயம் சின்ன விஷயம். அக்குளில் இருக்கிற நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் முதலில் போய்ச் சேருகிற ஒன்றிரண்டை மட்டும் கண்டுபிடித்து எடுப்பதற்காக அது. அப்படிக் கண்டுபிடித்தால் எல்லா நெறியையும் வழிக்க வேண்டியதில்லை, பின்னால் கை வீங்குகிற தொல்லை குறையும். பெரும்பாலும் மயக்கம் கொடுத்த பிறகுதான் போடுவார்கள், அக்காவுக்குத் தெரியவே தெரியாது. சில இடங்களில் அதோடு கதிர்வீச்சு மருந்து ஒன்றும் போடுவார்கள், அது முழிப்பில் இருக்கும்போதே, காம்புக்குப் பக்கத்தில். அரை நிமிடம் நன்றாக எரியும், அவ்வளவுதான். "மயக்கத்துக்கு முன்னாலயா, பின்னாலயா" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாயம் போட்டால் மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டதால் கிட்னி போய்விட்டது என்று வார்டே கூடிய ஒரு காலை எனக்கு நினைவிருக்கிறது. தோலில் நீலம் கொஞ்ச காலம் நிற்கலாம்.

ஒருவேளை பெட் ஸ்கேனும் தேவை என்று டாக்டர் காரணத்தோடு சொன்னால், மலையிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டுமான இரண்டு சேதி. அந்த ஸ்கேனில் சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஏற்றி, உடம்பில் எது அதிகம் சாப்பிடுகிறது என்று பார்க்கிறார்கள். முந்தின நாள் சரிவில் ஏறி இறங்கிப் பழம் பறித்திருந்தால் தசையெல்லாம் பளிச்சென்று தெரியும். ஒரு நாள் முன்பே வேலைக்கு லீவு போட வேண்டும். குளிரில் நடுங்கினாலும் கழுத்திலும் தோளிலும் இருக்கிற ஒரு வகைக் கொழுப்பு ஒளிர்ந்து குழப்பும். மார்கழி, தை மாதமென்றால் ஸ்வெட்டர், மப்ளர், சாக்ஸோடு வரட்டும். சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எதை நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று வீட்டில் கைக்குழந்தையையோ கர்ப்பிணியையோ ஒட்டி இருக்க வேண்டாம்.

காத்திருப்பதற்கு மரத்துப்போக ஊசி கிடையாது. பயாப்சி ரிப்போர்ட்டுக்குச் சில நாள், ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2-க்கு அதற்கு மேல் சில நாள் ஆகும். ஹெர்-2 இரண்டுங்கெட்டானாக வந்தால், அதை உறுதி செய்ய அதே சதையில் ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் சொல்வார்கள். நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ரிப்போர்ட் எந்தத் தேதிக்கு, யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனுக்கு அனுப்பினால் உங்கள் போனுக்கு வரட்டும், அக்காவுடையதுக்கு வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு அதைத் திறந்து, புரியாத வார்த்தையை இணையத்தில் தேடி, விடியும்வரை உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. டாக்டர் எதிரில் திறந்தால் போதும். விசாரிக்கிற சொந்தக்காரர்களுக்கு நீங்கள் ஒருவரே பதில் சொல்லுங்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பயாப்சி மேஜைக்குத் திரும்பிப் போய் வருவார்.

முதல் பயாப்சியின் ஸ்லைடும் மெழுகுக் கட்டியில் பதித்த பிளாக்கும் உங்கள் சொத்து மாதிரி, கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இன்னொரு டாக்டரின் கருத்து கேட்கப் போனால் மறுபடி குத்தாமல் அதையே வைத்துப் பார்ப்பார்கள். இங்கிருந்து நிறையப் பேர் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்க் கேட்டு வருகிறார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய இடம் அது. பிளாக் இல்லாமல் போய் வெறுங்கையோடு திரும்பினவர்களும் உண்டு. பணத்துக்கு, ஸ்கேனுக்குக் கட்டும் முன்பே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் ரேஷன் கார்டும் ஆதாரும் காட்டி, எந்த டெஸ்ட் அதில் வரும் என்று கேளுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை அந்தத் திட்டத்தில் உண்டு. எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யலாம்.

கடைசியாக பஸ். வெறும் வயிற்றோடு விடிகாலையில் அந்த 20 வளைவு இறங்கினால் டெஸ்ட்டுக்கு முன்பே வாந்தியாகி அக்கா பாதி ஆளாகிவிடுவார். சாப்பிடாமல் வரச் சொன்ன எந்த டெஸ்ட்டுக்கும் முந்தின நாள் மாலையே இறங்கி, கோரிமேட்டிலோ அஸ்தம்பட்டியிலோ தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். பயாப்சி அன்று திரும்பும்போது முன் இருக்கையாகப் பார்த்து உட்கார வையுங்கள். வளைவில் பஸ் சாயும்போது வலது மார்பு எதிலும் இடிக்காதபடி, அந்தப் பக்கம் நீங்கள் உட்காருங்கள். மடித்த துண்டு ஒன்றை அக்குளுக்குக் கீழே இடுக்கிக்கொள்ளக் கொடுங்கள், குலுக்கல் தெரியாது. அழுதால் அழட்டும், அந்த பஸ்ஸில் அழுகிற முதல் ஆள் அவரில்லை.